கூரையில்லாத காம்பராவில் கூடிய கோர்ட்டு

கிட்ட வந்து உக்காருங்க, கத்திக் கத்தித் தொண்டை போயிருச்சு. கோர்ட்டு வாசல்ல நின்னு ஆளுங்க பேரைக் கூப்பிடுறதுதான் நான் பார்த்த வேலை. மூணு தடவை கூப்பிட்டும் ஆள் வரலைன்னா பிடியாணை. நோர்வூட் பஸ் வரலைன்னாலும் பிடியாணைதான். அந்த வாசல்ல காத்துக் கெடந்த உங்களுக்கு இதை நான் சொல்லவா வேணும்?

வாசல்ல செருப்பு

புதுசா வந்த நீதிபதி அம்மா உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வாத்தியார் மக. நாலஞ்சு ஊர் கோர்ட்டுல இருந்துட்டு எங்ககிட்ட வந்தாங்க. மொத நாளே வாசல்ல நின்னுட்டாங்க. நம்ம சனம் கோயிலுக்குப் போற மாதிரி கோர்ட்டுக்கும் செருப்பைக் கழட்டிட்டுத்தானே போகும்? அந்தக் குவியலை ஒரு பொலிஸ்காரன் காலால எத்திக்கிட்டிருந்தான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாங்க. அப்பத்தான் செருப்பைக் கழட்டிக்கிட்டிருந்த பொன்னம்மாங்கிற கெழவிகிட்ட, "இது கோயில் இல்லம்மா, போட்டுக்கிட்டே வாங்க"ன்னாங்க. பொன்னம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கல.

"கோயில்ல கேட்டுக் கெடைக்கலன்னுதாங்க இங்க வந்தேன்."

தவணை

பொன்னம்மா கேட்டது அவ குடியிருந்த ஒத்தை ரூம் காம்பராவுக்குக் கூரை. புருசன் செத்துட்டான், மகன் கொழும்புல கடையில நிக்கிறான். தோட்டத்துல வேலை செய்ய ஆளில்லாத வீட்டுக்கு லயத்து வரிசை வீட்டுல எடமில்லன்னு தோட்டத்தை நடத்துற தொரை ஆள் அனுப்பிக் கூரைத் தகரத்தை எல்லாம் கழட்டிட்டாரு. காலமெல்லாம் கொழுந்து பறிச்சவ, பக்கத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில சுருண்டு கெடந்தா.

தோட்டத்து லோயர் வரும்போதெல்லாம் வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்லித் தவணை கேட்டாரு. ஒரு நாள் காகிதம் வரலன்னாரு, ஒரு நாள் தொரைக்குக் காய்ச்சல்னாரு. மழைக்காலமும் நெருங்கிருச்சு. "மழைக்கு முன்னாடி முடிச்சிருங்களேன் ஐயா"ன்னு வாசல்ல வச்சுக் கேட்டேன். சிரிச்சாரு அந்த மனுசன்.

"ஒனக்கு என்னய்யா அவசரம்? நனையப் போறது நீயா?"

உள்ள

லோயர் மறுபடியும் தவணை கேட்டாரு. "தரேன்"னாங்க அம்மா. "ஆனா அன்னைக்கு அந்தக் காம்பராவுலதான் விசாரணை."

அன்னைக்குப் பார்த்து அடைமழை. கூரையில்லாத நாலு சுவத்துக்குள்ள அம்மா, லோயர், தொரை, நாங்க எல்லாரும் நின்னோம். பக்கத்துலயே நின்ன பொன்னம்மாவை வழக்கப்படி மூணு தடவை கூப்பிட்டேன். "இங்கதானய்யா நிக்கிறேன், ஏன் கத்துறீங்க?"ன்னா. லோயர் கோட்டுல தண்ணி ஓடுச்சு.

"அம்மா, ரொம்ப நனையுது. எங்கயாவது உள்ள போயிருவோமா?"

"உள்ளதான் நிக்கிறோம்."

"இன்னொரு தவணை வேணுமா?"ன்னாங்க அம்மா. லோயர் தலையை ஆட்டினாரு, வேணாம்னு. அம்மா தொரைகிட்ட, கழட்டின தகரத்தைக் கொண்டாரச் சொல்லிட்டு, குடையை நீட்டினவனையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, கடைசித் தகரத்துக்கு ஆணி அடிக்கிற வரைக்கும் பொன்னம்மா வீட்டு முக்காலியில நனைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க.

என்னத்தச் சொல்ல, எங்க ஊர்ல சட்டம் வெரசா நடக்கணும்னா லோயர் தலையில மழை பேயணும்.