ஒரு பீப்பாய் மட்டும் தேறியது

குருவம்மாள் போடியிலிருந்து மலையேறி வந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது. வந்த இடம் தேவிகுளத்துக்குத் தெற்கே ஓர் ஏலத்தோட்டம். பெயர் வேண்டாம், முதலாளி எழுதப் படிக்கத் தெரிந்தவர். புருஷன் மேல் மரம் விழுந்து அவன் போன பிறகு, லயம் என்கிற கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஓர் அறை அவளுக்கு மிஞ்சியது. ஆள் பதிவேட்டில் பேர் இருக்கும்வரை அறை. பேரை வெட்டினால் சட்டி பானையோடு வெளியே. தோட்டத்தில் சாமியை நம்பாதவர்கள்கூட இதை நம்பினார்கள்.

அவள் வேலை மருந்து கலப்பது. மழைக்காலத்தில் ஏலக்காய் அழுகாமல் இருக்க, துருசு என்கிற மயில்துத்தத்தை ஒரு பீப்பாயிலும் சுண்ணாம்பை ஒரு பீப்பாயிலும் கரைத்து ஒன்றாக ஊற்றுவார்கள். இரண்டும் கட்டிக்கொண்டால் இளநீல மருந்து. கட்டிக்கொள்வது இரண்டில் எது முதலில் தீருகிறதோ அதுவரைதான். சுண்ணாம்பு தீர்ந்துவிட்டால் அதற்குமேல் எத்தனை துருசு கொட்டினாலும் ஒரு சொட்டு மருந்தும் அதிகமாகாது. மிஞ்சிய துருசு இலையைச் சுடும். இதையெல்லாம் குருவம்மாள் ஓர் அரிவாளில் கண்டுபிடிப்பாள். நுனியை முக்கி எடுப்பாள். மிஞ்சிய துருசிலுள்ள செம்பு இரும்பில் ஏறிச் சிவந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம்.

எழுபத்து நாலாம் வருட ஆடியில் அரிவாள் சிவந்தது.

சூப்பர்வைசர் கபிரியேலிடம் போய்ச் சொன்னாள். “சார், சுண்ணாம்பு பத்தல.”

“நிறுத்துப் பாத்தியா?”

“நிறுத்தேன். ஒண்ணுக்கு ஒண்ணு சரியாத்தான் இருக்கு.”

“அப்ப என்ன பத்தல? தராசு பொய் சொல்லுமா?”

“தராசு பொய் சொல்லல சார். சுண்ணாம்பு செத்துப்போச்சு. ரெண்டு மழக்காலம் ஸ்டோர்ல காத்துபட்டுக் கெடந்த மூட்டை.”

செத்த சுண்ணாம்புக்கும் எடை உண்டு. கபிரியேலுக்கு எடை போதும். புது மூட்டை கேட்டால், பழையதை ஏன் காற்றுப்பட விட்டாய் என்று மேனேஜர் கேட்பார். ஆகவே அவர் யோசித்து, மருந்தில் வீரியம் குறைவு என்று முடிவுசெய்து, பீப்பாய்க்கு அரைக் கிலோ துருசு கூடுதலாகப் போடச் சொன்னார். விஞ்ஞானம் வேறு, பதவி வேறு.

“ஏத்தா, பேசாம கலக்கு. பேரை வெட்டிப்புடுவாரு” என்றார் கங்காணி மொக்கையன்.

ஒன்பது பீப்பாய் கலந்தாள். ஒன்பதிலும் அரிவாள் சிவந்தது; ஒன்பதும் மேட்டுச் சரிவுக்குப் போயின. அறை வேண்டுமே.

பத்தாவதற்கு முன் சாப்பாட்டு நேரம் வந்தது. லயத்துப் பெண்களின் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாக்களை ஒவ்வொன்றாக வாங்கி வழித்தாள். வெற்றிலை விற்கும் சாந்தம்மாளிடம் சுண்ணாம்புச் சட்டியையே கேட்டாள்.

“ஏண்டி, ஒங்க சாரு வெத்தல போடப் பழகிட்டாரா?”

“செடிக்கு மதினி.”

“செடிக்கா! அப்பப் பாக்கையும் கொண்டுட்டுப் போ.”

சிப்பி சுட்ட புதுச் சுண்ணாம்பு. பத்தாவது பீப்பாயில் கரைத்து ஊற்றினாள். அரிவாள் வெள்ளையாகவே வந்தது. அந்தப் பீப்பாய் ஓடைப் பக்கத்துச் செடிகளுக்குப் போனது.

எட்டாம் நாள் மேட்டுச் சரிவு முழுக்க இலை கருகி, பிஞ்சுச் சரங்கள் தீய்ந்து தொங்கின. ஓடைப் பக்கம் மட்டும் பச்சை. மேனேஜர் வந்தார், பச்சையைப் பார்த்தார், காரணம் கேட்டார். குருவம்மாள் உள்ளதைச் சொன்னாள். பதினேழு வருடத்தில் அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

“அனுமதி இல்லாம மருந்துல கையில கெடச்சதைப் போட்டிருக்கா சார்” என்றார் கபிரியேல். “மத்ததுலயும் என்னத்தப் போட்டாளோ!”

தொழிற்சங்கத்துக்காரர் அவள் பக்கம் பேச விசாரணைக்கு வந்தார். பொறுமையாகக் கேட்டார்.

“நீயா போட்டது உண்மைதானா?”

“உண்மைதான் சார். அதுலதான செடி பொழச்சது.”

“உண்மைன்னு ஒத்துக்கிட்டா நான் எதை வச்சும்மா வாதாடுறது?” என்று கையை விரித்தார்.

கருகிய ஒன்பது பங்குக்கும் அவளே காரணம் என்று எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். பிழைத்த ஒரு பங்குக்குக் காரணம் யார் என்று காகிதத்தில் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை பேர் வெட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை அறையைக் கழுவிவிட்டு, சாவியை மொக்கையன் கையில் கொடுத்தாள்.

“எங்க போற?” என்றார் மொக்கையன்.

“இனிமேதான் யோசிக்கணும்” என்றாள். மழை வலுத்திருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் கூரை கிடையாது.