தக்கோலத்தை நகர்த்தப் பார்த்தவர்

அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் ஷிப்டு பார்த்தவர். சுரங்கத்தை மூடியபின் சரித்திரம் படிக்கத் தொடங்கினார். கன்னடப் படையிடம் தோற்றுச் சோழ இளவரசன் யானைமேல் செத்த தக்கோலப் போர் அரக்கோணம் பக்கம் நடக்கவில்லை, எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்புக்குக் கிழக்கே உள்ள மேட்டில்தான் நடந்தது என்பது அவர் கட்சி. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்லாமல் அனுப்பமாட்டார்.

போன வருஷம் கோலாரில் ஒரு கல்லூரியில் அந்தப் போரைப் பற்றிக் கூட்டம். பெங்களூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவரோடு போனேன். பேராசிரியை ஒருவர் கன்னடத்தில் பேசினார். ஊர்ப்பெயர் தெரியும், ஆனால் எந்த வெளியில் படைகள் மோதின என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார்.

அப்பா எழுந்துவிட்டார். கன்னடத்தில் தொடங்கி உடனே தமிழுக்குத் தாவி, "நான் சொல்றேன் மேடம்" என்று செல்போனை நீட்டியபடி மேடைக்கே போனார். மேட்டில் கிடக்கும் வீரக்கல்லின் படம்.

பார்த்துவிட்டுப் பேராசிரியை தமிழிலேயே சொன்னார்: "ஐயா, இது மாடு மீட்கப் போய்ச் செத்தவருக்கு வெச்ச கல்லு. இந்த ஜில்லா முழுக்க இருக்குது."

பின்வரிசை மாணவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "அந்தச் சண்டையில உங்காளுங்க தோத்துட்டாங்க தாத்தா" என்று கத்தினான். எனக்கு முகம் எரிந்தது. மேடைக்குப் போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வந்து உக்காருப்பா."

அவர் நகரவில்லை. "தோத்தா இன்னா? செத்தவன் இங்கதானே கெடப்பான்? எங்கள நேத்து கூலிக்கு வந்தவங்கன்றாங்க. ஆயிரம் வருசமா எங்காளு இந்த மண்ணுல கெடக்கறான்னா, அப்பால எவன் அப்படிச் சொல்வான்?"

சிரிப்பு நின்றுவிட்டது. என் கை இன்னும் அவர் சட்டையில் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார். "மானம் போச்சாம்மா?"

"இல்லப்பா."

"எனக்குப் போச்சு. அது மாட்டுக்காரன் கல்லுன்னு எனக்கும் தெரியும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூட்டத்தில் என் நம்பரை வாங்கியிருந்த பேராசிரியை அடுத்த மாதம் போன் செய்தார். அந்தக் கல்லை யாரும் பதிவு செய்ததில்லையாம், நேரில் பார்க்க வேண்டுமாம். அப்பாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

"நீயே கூட்டிட்டுப் போ," என்றார். "அந்தம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

பேராசிரியை கல்லை அளந்தார், படம் எடுத்தார், போகும்முன் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டு வாசல்வரை அழைத்து வந்தேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். உள்ளே ரேடியோ சத்தம் மட்டும் குறைந்தது.