கப்பியைக் கண்டுபிடித்தது யார்

ஐந்தாங்கிளாஸ்கூட முடிக்காதவன் நான். திண்டிவனத்தில் தகரக் கொட்டகையில் சலவைக்கடை போட்டேன். அதை மாடிக் கட்டடமாக்கினேன். கடன் கேட்டபோது பேங்க்காரர் சிரித்தார், ஆனாலும் துணி காயவைக்கும் மெஷின் வாங்கினேன். யாரும் கைதூக்கிவிடவில்லை.

அந்த மெஷினில் துணி போட ஒரு அம்மா இருந்தார். ஒடிசலான உடம்பு, எப்போதும் ஈரமான முந்தானை. மெஷின் ஓடும்போது காய்ச்சல் பார்ப்பதுபோல அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

ஒருநாள் மெஷின் கிறீச்சென்று கத்தியது.

"பிழியாம திணிச்சுக்கினு இருந்தா கத்தாம இன்னா பண்ணும்?" என்று எல்லார் முன்னாலும் அவரை ஏசினேன்.

"காலியா ஓட்டினாலும் கத்துதுங்க மொதலாளி. பெல்ட்டை இழுத்துப் புடிக்கிற சின்ன கப்பிதான் தேஞ்சிருக்கும்."

"நீ இன்னா, மெஷினுக்கு டாக்டரா?"

"டாக்டர் வந்தாலும் இதையேதான் சொல்லுவாருங்க."

விழுப்புரம் மெக்கானிக்கிடம் போனில் அதையே சொல்லி வரவழைத்தேன். அவர் பின்பக்கத்தைக் கழற்றினார். கப்பி ஒருபக்கமாகத் தேய்ந்து ஆடியது. புதியதை மாட்டியதும் சத்தம் அடங்கியது.

"கரெக்டா சொன்னீங்களே, யாரு கண்டுபுடிச்சது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

பக்கத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிரவில்லை. மடிப்பு கோணிப்போனது, பிரித்து மறுபடி மடித்தார். அவர்மேல் போட்ட பழியை நான் எடுக்கவேயில்லை. பிறகு மயிலம் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

படிக்காதவன் காதாலேயே கண்டுபிடித்தான் என்று இன்னும் என்னைப் புகழ்கிறார்கள். கண்டுபிடித்தது அவர். பொய் சொன்னது நான். இந்தக் கடையை நான் வளர்த்த கதையைச் சொல்கிறவர்கள் அந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.