வட்டத்துக்குள் ஒரு கோடு

போன வாரம் மைசூர் தேவராஜா மார்க்கெட்டில் கொய்யா வாங்கப் போனேன். நல்ல பெட்டியாகப் பார்த்துக் கை வைத்தேன். “அது ஆய்த்து சார், பேரெ நோடி,” என்றார் கடைக்காரர். விற்றாகிவிட்டதாம், வேறு பார்க்கச் சொன்னார். விற்ற பெட்டிகளில் கரித்துண்டால் அடையாளம் போட்டிருந்தார்: ஒரு வட்டம், நடுவே குறுக்காக ஒரு கோடு. அவ்வளவுதான், சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டில் கேட்டதற்கு, விலை அதிகம் என்று சமாளித்தேன்.

கரிக்கோட்டுக்கா இந்தப் பயம் என்று சிரிப்பீர்கள். ரெஜினா மிஸ்ஸைத் தெரிந்திருந்தால் சிரிக்க மாட்டீர்கள்.

அப்போது அந்த மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் டிடிபி வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே நாளில் வரும். ஒருமுறை கல்யாணத்துக்குக் கறுப்பு பார்டரை மாற்றிப் போட்டு, அடி வாங்காமல் தப்பித்தவன் நான். மிஸ், குருமட மாணவர்களுக்கு லத்தீன் கற்பித்து ஓய்வு பெற்றவர். “பூசை லத்தீன் சோறு போட்டுச்சு. என் லத்தீன் அதுக்கும் முந்தினது,” என்பார். பழைய ரோமாபுரிக் கல்லறை வாசகங்களைத் தமிழாக்குவதிலேயே முப்பது வருஷம் கழித்திருந்தார். அதைப் புத்தகமாக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்.

நஜர்பாத்தில் அவர் வீட்டு முன்னறையில் பழைய காகிதமும் யூகலிப்டஸ் தைலமும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் ஜலதோஷத்துக்குத் தைலம் தேய்த்தால் எனக்குக் கல்லறைதான் ஞாபகம் வருகிறது. நான் அச்சுத்தாளைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் கைப்பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். அதுதான் அவருடைய பிழை திருத்தும் முறை. மனசுக்குள் படிப்பது அவருக்கு ஆகாது. “அந்தக் கல்லெல்லாம் வழில போறவனை நிக்க வச்சு வாசிக்கச் சொல்லும் தம்பி. செத்தவனுக்கு ஏது வாய்? உன் வாய்தான்.” பட்டப்பகல், வெளியே ஆட்டோக்கள் போய்க்கொண்டிருக்கும். ‘எட்டு வயதில் போனேன்’ என்று என் குரலே சொல்வதைக் கேட்டு எனக்குப் புல்லரிக்கும்.

கடைசிப் பக்கம் நன்றிப் பட்டியல். ரோமாக்காரர்கள் குடும்பக் கல்லறையில் இருப்பவர் பெயரையும் சேர்த்தே வெட்டிவிடுவார்களாம். உயிரோடிருப்பவர் பெயருக்கு முன்னால் ‘வி’, லத்தீனில் ‘உயிரோடு’ என்பதன் முதல் எழுத்து. போனவருக்கு வட்டமும் குறுக்குக் கோடும். கிரேக்க மொழியில் சாவின் முதல் எழுத்து அது. மிஸ்ஸும் தன் பட்டியலை அப்படியே எழுதியிருந்தார். எங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் குறி இல்லை. ஆங்கில ‘ஓ’வின் மேல் ஒரு கோடு இழுத்து நானே ஒன்று தயாரித்து, அங்கங்கே ஒட்டினேன்.

வட்டமிட்ட ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்தி வாசிக்கச் சொன்னார், வகுப்பில் பெயர் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல. பதினோராவதாக, “வட்டம், சவரிமுத்து,” என்றேன்.

மிஸ் கண்ணைத் திறந்தார். “என்ன சொன்னே?”

திரும்பவும் வாசித்தேன்.

“அது என் தம்பி. கொள்ளேகால்ல இருக்கான்.” நிமிர்ந்து உட்கார்ந்தார். “உயிரோட இருக்கிறவனுக்குப் போட்டுட்டியே. பார்த்து ஒட்ட மாட்டியா?”

பார்டரை மாற்றிப் போட்டவன்தானே, செய்திருப்பேன் என்று நானும் நம்பினேன். அம்மா சாகக்கிடந்து கேட்டபோதும் தம்பி வரவில்லை என்றும், ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை என்றும் அப்போதுதான் சொன்னார். டைரியை என்னிடம் நீட்டினார். “நம்பர் இருக்கு. நீயே பேசு. இருக்கானான்னு கேளு.”

மறுமுனையில் தறிச் சத்தம். “யாருங்க பேசறது?” என்றது ஒரு பெண் குரல். சொன்னேன். “இருங்க, கூப்பிடறேனுங்க.” தறி நின்றது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. நான் ஒட்டிய வட்டமே ஆளைத் தீர்த்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு ஒரு இருமல். “யாருங்க?”

மிஸ் ரிசீவரைப் பிடுங்கினார். “சவரி, அக்காடா,” என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

வட்டத்தை எடுத்துவிட்டு ‘வி’ போட்டேன். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் சவரி அண்ணன் கொள்ளேகால் பஸ்ஸில் வந்து இறங்குவார். என் தப்பால் சேர்ந்தார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மிஸ் போய் ஐந்து வருஷம் ஆகிறது. கைப்பிரதிக் கட்டை எனக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அந்த வட்டங்களுக்குப் பயந்துகொண்டு நான் அதைப் பிரிக்கவே இல்லை. கொய்யா வாங்காமல் திரும்பிய அன்றுதான் பிரித்தேன். கடைசித் தாள், பதினோராவது பெயர். முன்னால் வட்டம், குறுக்கே கோடு. மிஸ்ஸின் பச்சை மை, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தியிருந்தார். நான் தாளில் இருந்ததைத்தான் அப்படியே அடித்திருக்கிறேன். ஒன்பது வருஷமாக மனசுக்குள்ளேயே அவர் படித்துவந்ததை, அன்றைக்கு இன்னொருவன் வாயால் கேட்டிருக்கிறார்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. எங்கள் டிடிபி அறையில் செல்போன் கவர் விற்கிறார்கள். நேற்று சவரி அண்ணன் போன் செய்தார்.

“அக்கா கையெழுத்துல ஒரு தாளாச்சும் இருந்தாக் குடுங்க தம்பி. எம்பேரை எங்கியாச்சும் எழுதியிருப்பாங்கல்ல, அது போதுமுங்க.”

தாள் என் கையில்தான் இருந்தது.

“எல்லாத்தையும் கரையான் அரிச்சிருச்சுண்ணே,” என்றேன்.

மறுமுனையில் இந்த முறை தறிச் சத்தம்கூட இல்லை. தறியை விற்று வருஷக்கணக்காகிறது. ஒரு இருமல் கேட்கிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.