சைகோனிலிருந்து வந்த நாலு மீன்

என் கணவர் சைகோனிலிருந்து திரும்பியபோது ஒரு டிரங்குப் பெட்டியும், வாயில் துணி கட்டிய ஒரு கண்ணாடி ஜாடியும் கொண்டுவந்தார். ஜாடிக்குள் ஆறு மீன்கள். இரண்டு செத்து மிதந்தன. கப்பல் பாலத்தில் நின்ற சுங்கக்காரர் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. படகிலிருந்து படியேறி வந்த இரைப்பில் பேச்சே வரவில்லை அவருக்கு.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. சேர்ந்து இருந்தது மூன்று மாதம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகப் போனவர், அங்கேயே சிறைக் காவலில் வேலை கிடைத்துத் தங்கிவிட்டார். மகள் பிறந்ததைக் கடிதம் பார்த்துத் தெரிந்துகொண்டார். ஏழு வயதில் அவள் அப்பாவை முதல்முறையாகப் பார்த்தாள். பார்த்ததும் என் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணப் படத்தில் இருந்தவர் வேறு ஆள். எனக்கே அவர் பக்கத்தில் உட்காரக் கூச்சமாக இருந்தது.

ஒரு வாரத்துக்குள் டாக்டர் வந்து பார்த்தார். சயரோகம், இரண்டு பக்கமும் போய்விட்டது என்றார். நல்ல காற்று, பால், முட்டை. தனி அறை, தனித் தட்டு, தனிக் குவளை. "குழந்தை அந்த அறைப் பக்கமே போகக்கூடாது" என்று இரண்டு தடவை சொன்னார். எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் இருந்ததே ஒரு கூடம், ஒரு அறை. அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு நானும் மகளும் கூடத்தில் படுத்தோம்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். மீனுக்கு ஒரு தொட்டி வேண்டும். எங்கள் தெருக்கோடியில் சட்டத்துக்குக் கண்ணாடி போடும் பாய் ஒருவர் இருந்தார். அவர் தகரச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, மெழுகு அடைத்துச் செய்து கொடுத்தார். அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு உள் சன்னல் உண்டு. தொட்டியை அதன் கட்டையில் வைத்தேன். சன்னலை அது ஏறக்குறைய முழுசாக அடைத்துக்கொண்டது. மேலே இருந்த இடைவெளிக்கு ஒரு துணி கட்டினேன். இந்தப் பக்கம் கூடம், அந்தப் பக்கம் அவர் கட்டில்.

மீன்கள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், வெள்ளிபோல் உடம்பு, பக்கத்துக்கு இரண்டு கறுப்புப் புள்ளி. வயிற்றடியில் இரண்டு நீள மீசை. அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். ஜாடியில் அத்தனை நாள் உயிரோடு வந்தது அதனால்தான் என்றார். ஆனால் அந்த அழகை யாரும் பார்க்க முடியவில்லை. ஆள் நிழல் பட்டால் போதும், நாலும் மூலையில் கிடந்த கல்லுக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக்கொள்ளும்.

மகள் வந்து கண்ணாடியைத் தட்டினாள். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"தட்டாத பாப்பா. நீ தூங்கும்போது உன் காதண்ட யாராவது கதவ இடிச்சா எப்படி இருக்கும்?"

அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவள் ஓடிப்போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் தட்டாமல் வந்து நின்றாள்.

"நிக்காத. மேலேர்ந்து வர்றது எல்லாமே அதுக்குக் கொக்குதான். கீழ உக்காரு. உன் மூஞ்சி அது மூஞ்சிக்கு நேரா இருக்கணும்."

உட்கார்ந்தாள். அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அதே நேரத்தில், அதே இடத்தில். கையை ஆட்டக்கூடாது. கல்லையே முறைத்துப் பார்க்கக்கூடாது. அவர் சொல்லச் சொல்ல, நான் குளத்திலிருந்து வேலம்பாசி கொண்டுவந்து தொட்டியில் அடர்த்தியாகப் போட்டேன். மறைக்கிற பாசியையே இன்னும் போட்டால் எப்படி வெளியே வரும் என்று கேட்டேன். "ஒளிய எடம் இருக்குன்னு தெரிஞ்சாதான் வெளிய வரும்" என்றார். பாசியோடு வந்த பொடி மீன்களையும் எடுக்க வேண்டாம் என்றார். அவை யாருக்கும் பயப்படாமல் மேல்தண்ணியில் திரிந்தன. அதைப் பார்த்துப் பெரிய மீன்கள் ஒவ்வொன்றாகத் தலையை நீட்டின.

அவருடைய இருமல்தான் பெரிய தொல்லை. மீன் பாதி வெளியே வந்திருக்கும், இவருக்கு இருமல் வரும், எல்லாம் உள்ளே போய்விடும். சுவர்ப்பக்கம் திரும்பி, துணியை வாயில் திணித்து அடக்குவார். கழுத்து நரம்பு புடைக்கும். "வேணாங்க, இருமிடுங்க" என்பேன். துணியில் ரத்தம் இருக்கும். அதை மகள் கண்ணில் படாமல் எடுத்துப்போய்க் கொல்லைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டுவேன்.

ஆறேழு வாரத்தில் மீன்கள் இருமலுக்கு அசையாமல் இருக்கப் பழகிவிட்டன. அவளும் பழகிவிட்டாள். அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவாள். ஒரு நாள், வேகவைத்த மஞ்சள் கருவை விரல்நுனியில் தடவித் தண்ணியில் வைத்திருந்தாள். ஒரு மீன் மீசையை நீட்டி அவள் விரலைத் தடவிப் பார்த்தது. பிறகு தின்றது.

"அப்பா! என்னத் தொட்டுச்சுப்பா!"

அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தண்ணியில் கோணலாகத் தெரிந்தது. சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயம்தான் வந்தது. அவள் விரல் அந்தத் தண்ணியில் இருக்கிறதே, இவர் மூச்சு அதன்மேல் படுகிறதே என்று. சோப்பு போட்டு அவள் கையை எரிகிறவரைக்கும் தேய்த்துக் கழுவினேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், ஒரு காலை, நான் கஞ்சி கொண்டுபோகும்போது அவர் போய்விட்டிருந்தார். தலையணை முழுக்க ரத்தம். மகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் அழுதேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் சுகாதார ஆட்கள் வந்தார்கள். மெத்தை, பாய், துணி எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார்கள். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தொட்டியைக் காட்டி, "இதுலயும் நோயி இருக்குமாங்க?" என்று கேட்டேன். வந்தவர்களில் வயசானவர் தோளைக் குலுக்கினார். "அது நமக்குத் தெரியாதும்மா. பயமா இருந்தா கொட்டிடு."

எனக்குப் பயமாக இருந்தது. ஒரு ஆளைப் புதைத்தாயிற்று, இன்னொன்றைப் புதைக்க என்னால் முடியாது என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் முடித்துவிட வேண்டும். பாசியை வாரிப் போட்டேன். சொம்பை உள்ளே விட்டேன். மீன்கள் ஓடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்திருக்கும், அதற்குள் யோசித்திருப்பேனோ என்னவோ. அவை ஓடவில்லை. நாலும் என் கையைப் பார்த்து வந்தன. மீசையால் என் விரல்களைத் தடவின. ஒரே மொள்ளலில் இரண்டு, அடுத்ததில் இரண்டு. சுண்ணாம்புக் குழியில் கொட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். தொட்டியையும் உடைத்தேன்.

வந்ததும் அவள் சன்னலைப் பார்த்தாள். சன்னலின் அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர்.

"மீனு எங்கம்மா?"

"குளத்துல விட்டுட்டேன்" என்றேன். சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

அவள் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் என் கையைப் பிடித்துக் குளத்துக்கு இழுத்துப் போனாள். கரையில் குனிந்து உட்கார்ந்து, முகத்தைத் தண்ணிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மஞ்சள் கருவை விரலில் தடவிக் காத்திருந்தாள். பொடி மீன்கள் வந்து தின்றன.

"இடம் புதுசா இருக்குல்ல, அதான் பயப்படுது" என்றாள் என்னிடம். "அப்பா சொன்னாங்க. நாளாவும்னு."

அதற்கடுத்த ஞாயிறும் போனோம். கோடை முழுக்கப் போனோம். வெயிலில் குளம் வற்றிச் சேறு விளிம்பு கட்டியது. அவள் சேற்றில் மண்டியிட்டாள், பூசைக்குப் போட்ட வெள்ளைக் கவுனோடு. நான் பின்னால் நின்றேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் வாயெடுப்பேன். அவள் "பேசாதம்மா, ஓடிப்பூடும்" என்பாள்.

தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்த வாரத்தில், ஊர்ப் பிள்ளைகள் கூடையால் குளத்தை அரித்து மீன் பிடித்தார்கள். அவள் ஒவ்வொரு கூடையாகப் போய் எட்டிப் பார்த்தாள். கெண்டை, விரால், கெளுத்தி. கடைசிக் கூடையைப் பார்த்து முடித்ததும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் குளத்தைப் பார்த்தேன்.

"வீட்டுக்குப் போவலாம்மா" என்றாள்.

வழியெல்லாம் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். நோய் அவளுக்கு வரவே இல்லை. மீனைப் பற்றி அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை.