கிணறு முட்டத் தண்ணி

போன செவ்வாய்க்கிழமை காலை. நான் போட்டுக் கொடுத்த தேநீரை தேவி ஒரு மிடறு குடித்தாள். கோப்பையை மெல்ல மேசையில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, சீனிப் போத்தல் எண்டு உப்புப் போத்தலை எடுத்தனீங்களோ?"

இருபத்தாறு வருடத் திருமண வாழ்க்கையில் நான் செய்யாத பிழை அது ஒன்றுதான். ஆகவே முழு உரிமையோடு கோபப்பட்டேன். பிறகு என் கோப்பையில் வாய் வைத்தேன். கோபம் போய்விட்டது...

தீவில், புது வீட்டில், எங்கள் முதல் காலை அது.

என் மனைவி கணித ஆசிரியை. இந்த வருடம் அவளைத் தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றினார்கள். எங்கள் ஊர் நீர்வேலியிலிருந்து விடியமுன் பஸ், பிறகு குறிகட்டுவானில் படகு. கடல் லேசாக அசைந்தாலே அவளுக்குச் சத்தி, குடித்த தேநீரும் வெளியே வந்துவிடும். பள்ளித் தவணை முடிவதற்குள் ஆள் பாதியாகிவிட்டாள். இனித் தினசரிப் படகு வேண்டாம் என்றார் டாக்டர். இன்னும் நாலு வருடச் சேவை இருக்கிறது. ஒன்று தீவிலேயே குடியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் உயிராக நினைக்கும் வேலையை விட வேண்டும்.

நான்? எழுதுகிற ஆள்தானே, எங்கே தூக்கி வைத்தாலும் எழுதும் என்று குடும்பம் ஏகமனதாக முடிவெடுத்தது. தையல் மெஷினைப் பற்றிக்கூட இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

வீடு தேடும் பொறுப்பு எனக்கு. ஆலோசனைக்கா பஞ்சம்? வாழ்க்கையில் ஒரேயொரு தரம் தீவுத் திருவிழாவுக்குப் போய், அன்னதானம் சாப்பிட்டுவிட்டு அடுத்த படகில் திரும்பிய மச்சான்தான் தலைமை ஆலோசகர். "கடற்கரைப் பக்கமாப் பாருங்கோ அத்தான். காத்து சும்மா பிச்சுக்கொண்டு வரும்!"

கிடைத்தது. மாபிள் நிலம், பல்கனி, வாசலில் நின்றால் கடல். சொந்தக்காரர் கனடாவில். (தீவின் பெயரைச் சொல்லமாட்டேன் — மனுஷன் இந்தப் பத்தியை இணையத்தில் தவறாமல் வாசிப்பவர்.) வாட்ஸ்அப்பில் முகம் காட்டி, அறை அறையாக விளக்கம் சொன்னார்.

நானும் விவரமான ஆள் இல்லையா? கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"தம்பி, தண்ணி இருக்கோ?"

"என்ன அண்ணை உப்பிடிக் கேக்கிறியள்? கிணறு முட்டத் தண்ணி!"

சத்தியமான வார்த்தை. வீடு பார்க்கப் போனபோது எட்டிப் பார்த்தேன், முட்டத்தான் இருந்தது.

நீர்வேலியில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் ஒன்றுதான். வாழைக்கு இறைத்ததும் அதுதான், வாயில் ஊற்றியதும் அதுதான். தீவில் 'தண்ணி' வேறு, 'நல்ல தண்ணி' வேறு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சொல்ல ஒருவர் இருந்தார். அந்த வீட்டின் திறப்பை வைத்திருந்த பூமணி அக்கா, பனங்காணிக்கு அங்கால் குடியிருப்பவர். வீட்டைத் திறந்து காட்டிப் பூட்டிவிட்டு, "எங்கடை வீட்டை வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்றார்.

"வேண்டாம் அக்கா, இப்பதான் குடிச்சனாங்கள்" என்றோம் தேவியும் நானும் ஒரே குரலில். குடித்து நாலு மணித்தியாலம். நாக்கு வறண்டுபோய்க் கிடந்தது. ஆனாலும், கேட்டவுடன் ஓம் என்று சொன்னால் நம் மரியாதை என்ன ஆவது?

"எங்கடை வளவுக்கையும் ஒரு சின்ன வீடு கிடக்கு. தகரக் கூரைதான். கடல் தெரியாது..." அவர் முடிப்பதற்குள் நாங்கள் படகுக்கு நடையைக் கட்டிவிட்டோம்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். சோறு உப்புப் போடாமலே உப்பாக இருந்தது. என்ன வசதி! சவர்க்காரம் நுரைக்க மறுத்தது. குளித்துவிட்டு வந்தால் தலைமயிர் தும்புத்தடி மாதிரி நின்றது. அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து அழைப்பு.

"எப்பிடி அண்ணை? கடல் வடிவாத் தெரியுதோ?"

"தெரியிறதோ? குழாயைத் திறந்தாலே உள்ளுக்கு வருகுது தம்பி."

பகிடி என்று நினைத்து நெடுநேரம் சிரித்தார்.

தேவி சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த உடுப்பை மறுபடி பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். "படகில வந்தால் சத்தி. இங்கை இருந்தால் உது. என்னால ஏலாது. வேலையை விடுறன் எண்டு எழுதிக் குடுக்கப்போறன்."

குரல் உடைந்தது. மாபிளைப் பார்த்து மயங்கி, அவளுடைய வேலைக்கு உலை வைத்தது நான்தானே?

வாளியைத் தூக்கிக்கொண்டு பூமணி அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாளியைப் பார்த்தும் அவர் ஆச்சரியப்படவில்லை.

"ஏனக்கா, அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"என்ரை வாயாலை எப்பிடித் தம்பி அந்தக் கனடாப் பொடியன்ரை வீட்டுக்குக் குறை சொல்லுறது? அதுக்குத்தானே தேத்தண்ணிக்குக் கூப்பிட்டனான். குடிச்சிருந்தால், உது எந்தக் கிணத்துத் தண்ணி எண்டு நீங்களே கேட்டிருப்பியள். நீங்கள் பெரிய ஆக்கள்... குடிக்கேல்லை."

யாழ்ப்பாணத்தில் யாரும் யாருக்கும் எதையும் நேரே சொல்வதில்லை. கோப்பையில் ஊற்றித்தான் தருவார்கள். அதைப் பணிவோடு மறுப்பதற்குத்தான் நமக்குப் பாலர் வகுப்பிலிருந்தே பயிற்சி.

பின்னால் செருப்புச் சத்தம். தேவி. அக்கா கிணற்றில் அள்ளி நீட்டிய செம்பை வாங்கிக் குடித்தாள். இன்னொரு செம்பு. மூன்றாவதை முகத்தில் அடித்துக் கழுவினாள். படகு ஏறத் தொடங்கிய நாளிலிருந்து அந்த முகம் இப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை.

நான் வழக்கம்போல் சின்ன வீட்டை ஆராய்ந்தேன். தகரம் கறள் பிடித்திருந்தது. சுவரில் வெடிப்பு. விறாந்தையில் ஒரு ஆடு, வீட்டுக்காரி மாதிரிக் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"திறந்து விடட்டோ பிள்ளை? உள்ளுக்கையும் ஒருக்கா வடிவாப் பாருங்கோவன்" என்றார் அக்கா.

"பாத்தாச்சு அக்கா" என்றாள் தேவி, வாயைத் துடைத்தபடி. "திங்கக்கிழமை பள்ளிக்கூடம் துவங்குது. அதுக்கு முதல் ஆட்டை மட்டும் எழுப்பி விடுங்கோ."