துண்டுக்கு அடியில்

எனக்குப் பயம் வந்தால் கடைக்குப் போவேன். வீட்டில் மூன்று தெர்மாமீட்டர் இருந்தாலும் காய்ச்சல் என்றால் நான்காவது வாங்குகிற ரகம் நான். ஆகவே மகளுக்கு அரிப்பு என்று தெரிந்த வாரம் என் கால்கள் தானாகத் தி. நகர் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை.

அவளாக வந்து சொல்லவில்லை. பதினாறு வயது. பள்ளி விட்டு வந்ததும் ஷூவைக்கூடச் சரியாகக் கழற்றாமல் குளியலறைக்கு ஓடுவாள். சாப்பிட உட்கார்ந்தால் நெளிவாள். என்ன என்று கேட்டால் "ஒண்ணும் இல்லம்மா" என்பாள். மயிலாப்பூரில் எங்களுடையது சின்ன ஃப்ளாட். ஹாலில் எந்நேரமும் மாமனார் இருப்பார், எதையும் சத்தமாகக் கேட்க முடியாது. ஒரு நாள் மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது அவளே என் காதருகே வந்தாள்.

"அங்க எரியுதும்மா. க்ளாஸ்ல உக்காரவே முடியல."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

என் அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரியவந்தது இப்படித்தான். முதலில் அரிப்பு, பிறகு ஆறாத புண், பிறகு ஊசி. இந்த வயதில் என் பெண்ணுக்குமா? அன்று சாம்பாரில் உப்புப் போட்டேனா என்பதுகூட நினைவில்லை.

அடையாறில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரத்தத்தில் சர்க்கரை இல்லை என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. "பூஞ்சைதான். இந்தக் களிம்பு போடுங்க. ஈரம் தங்காம பாத்துக்கணும், காத்து போற மாதிரி நல்ல காட்டனா போடச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது காட்டன் மட்டும்தான். வாங்க முடிகிற பொருள் அது ஒன்றுதானே.

முப்பது வருடமாக நான் உள்ளாடை வாங்கும் முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கவுண்டரில் குனிந்து சைஸைச் சொல்வேன், பெட்டியைத் திறக்காமல் பைக்குள் தள்ளுவேன், ஏதோ திருடியவள் மாதிரி படியிறங்குவேன். புடவை வாங்கும்போது மட்டும் முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நூலை இழுத்துப் பார்த்து, கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிடுவேன். நாள் முழுக்க உடம்பை ஒட்டிக்கொண்டு கிடக்கிற துணியை ஒருதரம்கூடப் புரட்டிப் பார்த்ததில்லை.

இந்தத் தடவை புரட்டினேன். தி. நகர் கடையில் விற்பனைப் பெண் பதறிவிட்டாள். "எக்கா, பெட்டிய பிரிக்கக் கூடாதுக்கா. எல்லாம் காட்டன்தாங்க்கா." பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் காட்டன். உள்ளே இடுப்புப் பட்டியில் தைத்திருந்த துண்டுச் சீட்டில், கண்ணை இடுக்கிப் படித்தால், பாலியெஸ்டர். மூங்கில் படம் போட்ட இன்னொரு பெட்டியைக் காட்டி, "இது இயற்கைக்கா" என்றாள். அதையும் வாங்கினேன்.

மறுநாள் தரமணிக்கு ரயிலில் வேலைக்குப் போகும்போது, பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குத் தெரியாமல் போனைச் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். மூங்கில் துணி என்பது பெரும்பாலும் மூங்கிலைக் கூழாக்கி, ரசாயனத்தில் கரைத்து இழுக்கிற நூலாம். நூலைக் கொளுத்திப் பார்த்தால் எது பருத்தி, எது பிளாஸ்டிக் என்று தெரியும் என்றும் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து, வாங்கியவற்றில் ஒவ்வொரு நூலாக உருவி, இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் காட்டினேன். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகிறது. மற்றது உருகி, கறுப்பு மணியாக இறுகுகிறது. நான் கொளுத்தியதில் பாதிக்கு மேல் மணிகள்.

"என்ன கருகுது?" என்று ஹாலிலிருந்து கணவர் கேட்டார்.

"பால் பொங்கிடுச்சு" என்றேன். அன்று வீட்டில் பாலே இல்லை.

கடைசியில் அடையாறில் ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. சாயம் போடாத, வெளுக்காத பருத்தி. கடைக்காரப் பெண்மணி தானாகவே மேஜையில் புரட்டிப் போட்டுக் காட்டினார். "எலாஸ்டிக் மேல துணி சுத்தியிருக்கு பாருங்க, தோல்ல படாது. கிழிஞ்சா எலாஸ்டிக்கை உருவிட்டு, தொட்டி மண்ணுல போட்டுடுங்க. மக்கிடும்." மகளுக்கு ஆறு வாங்கினேன். அவளுடைய பழைய நைலான்களைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுக் குப்பையில் சேர்த்தேன். அவை ஏதோ குப்பை மேட்டில் என் பேத்தி காலத்துக்கும் அப்படியே கிடக்கும் என்பது உறுத்தியது. ஆனாலும் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

களிம்பு இருந்தவரை சரியாக இருந்தது. களிம்பு தீர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "அம்மா, முன்னவிட மோசமா இருக்கும்மா."

ரத்தப் பரிசோதனை தப்போ? டாக்டர் எதையாவது கவனிக்காமல் விட்டாரோ? அம்மாவின் காலில் இருந்த ஆறாத புண் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அந்தச் சனிக்கிழமை காலை குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த கொடியிலிருந்து துண்டை உருவினேன். அடியில் மகளுடைய மூன்று ஜட்டிகள் வரிசையாக இருந்தன. வியாழக்கிழமை துவைத்தவை. தற்செயலாகக் கை பட்டது. ஜில்லென்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன், மழைக்கால மிதியடி வாசனை.

நைலான் ஒரு காற்றில் காய்ந்துவிடும். பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெயில் வராத குளியலறையில், அதுவும் துண்டுக்கு அடியில், அது எப்படிக் காயும்? தேடித் தேடி வாங்கிய நல்ல துணியை என் பெண் தினமும் ஈரமாகவே போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கிறாள். துண்டுக்கு அடியில் போடு என்று சொன்னது யார்? நான்தான். அவள் பெரியவளான வாரமே சொன்னேன். "தாத்தா, அப்பா நடமாடற வீடு. கண்ணுல படக் கூடாது. அசிங்கம்." என் கணவருடைய ஜட்டியோ பால்கனி முதல் கம்பியில், காலை வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு, தெருவுக்கே கொடி காட்டிக்கொண்டிருக்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அவள் போட்டுக்கொண்டு போனது போக, மீதி ஐந்தையும் வெந்நீரில் அலசினேன். கணவருடையதை இரண்டாம் கம்பிக்குத் தள்ளிவிட்டு, முதல் கம்பியில் வரிசையாக க்ளிப் போட்டேன். எதிர் ஃப்ளாட்டில் யாரோ மிதியடி உதறிக்கொண்டிருந்தார்கள். மாமனார் பேப்பருடன் பால்கனிக்கு வந்தார், ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது.

பதினொரு மணிக்கு ஸ்பெஷல் க்ளாஸ் முடிந்து வந்த மகள் தெருவிலிருந்தே பார்த்திருக்கிறாள். ஷூவோடு உள்ளே ஓடிவந்து, ஒரு துண்டை எடுத்து ஐந்தின் மேலும் வீசி மூடினாள். முகம் சிவந்திருந்தது.

"என்னம்மா இது? தாத்தா இங்கதான உக்காந்திருக்காரு? அசிங்கமா இல்ல?"

என் வார்த்தை, என் தொனி. இரண்டு மாதம் எரிச்சலை வாயைத் திறக்காமல் அவள் ஏன் பொறுத்துக்கொண்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. துண்டை எடுத்தேன். அவள் பிடுங்கி மறுபடி மூடினாள். மறுபடி எடுத்தேன்.

"அசிங்கம் இல்லடி" என்றேன். "அம்மாதான் உனக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்."

மாமனார் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அவள் கம்பிப் பக்கம் திரும்பி, கடைசியாக இருந்ததன் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது இன்னும் காயலம்மா" என்று சொல்லி, க்ளிப்பைக் கழற்றி, அதை வெயில் விழுகிற பக்கமாக நகர்த்தி மாட்டினாள்.